முதலில் போவது யார்?

கடல் கடந்து வாழும் மகனையோ மகளையோ பார்த்துவிட்டு வரப் புறப்படுகிறவர்கள், ஊறுகாயும் பருப்புப் பொடியும் கட்டி முடித்த கையோடு, அங்கே போனால் சில சமயம் கார் ஓட்ட நேரிடுமே என்ற யோசனையில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய், படிவம் 4ஏ என்ற தாளைப் பூர்த்தி செய்து, கட்டணம் செலுத்தி, ஓராண்டுக் காலம் செல்லுபடியாகும் சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகம் ஒன்றை வாங்கி வருவது இப்போது சர்வ சாதாரணமாகிவிட்டது. அந்தப் புத்தகத்துக்காகத் தனிப் பரீட்சை கிடையாது. நம் ஊர் லைசென்ஸ் உயிரோடிருந்தால் போதும். இதைப் பெற்றுக்கொண்டு விமானம் ஏறுகிறவர்களுக்கு உறவினரும் நண்பரும் வழங்கும் உபதேசமும் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது: “அங்கே வலப்பக்கம் ஓட்டவேண்டும், மறந்துவிடாதீர்கள்.”

வலப்பக்கம் ஓட்டுவதை மறப்பது, உண்மையில், அவ்வளவு சுலபமன்று. ஸ்டீயரிங் இடப்புறம் இருப்பதே ஒவ்வொரு விநாடியும் அதை நினைவூட்டிக்கொண்டிருக்கும். முன்னால் ஒரு வண்டி போய்க்கொண்டிருந்தால் அதன் பின்னால் போனாலே பாதி சங்கடம் தீர்ந்துவிடும். திரும்புவதற்கு இண்டிகேட்டர் போடுவதாக நினைத்து, மழை இல்லாத கண்ணாடியின்மேல் வைப்பரை ஆடவிடும் பரிகாசத்துக்குரிய நிலையும் சில நாளில் மாறிவிடும். ஆனால் ஒரு நாற்சந்தியில் நான்கு பக்கமும் வண்டிகள் வந்து சேரும்போது முதலில் போகும் உரிமை யாருக்கு என்ற கேள்வி இருக்கிறதே, அதற்கு ஒவ்வொரு நாடும் தன் தன் சுபாவத்துக்கு ஏற்ற விடையை வைத்திருக்கிறது. பிரயாணிக்கு ஆபத்து விளைவதெல்லாம் இந்த விடையை அறியாமையால்தான் என்பது என் அபிப்பிராயம். இதற்கு ஜெர்மனியையும் அமெரிக்காவையும் எடுத்துக்கொண்டு பார்ப்போம். இரண்டும் வலப்பக்கம் ஓட்டும் தேசங்கள், இரண்டும் மோட்டார் வாகனத் தொழிலால் உலகப் பிரசித்தி பெற்றவை. ஆகையால் இவற்றுக்குள்ள வேறுபாட்டுக்கு இடம் வலம் என்ற காரணத்தைக் காட்ட முடியாது.

ஜெர்மானிய நகரங்களில் மனிதர் குடியிருக்கும் தெருக்களுக்குள் நுழைந்தால், 30 என்று எழுதிய பலகை ஒன்று வரவேற்கும். 1983-ஆம் வருஷம் புக்ஸ்டெஹூட என்ற சிற்றூரில் பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டு, பிறகு தேசம் முழுவதும் பரவிய ஏற்பாடு இது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகவேண்டும் என்பது எவருக்கும் புரியும். புரியாதது அதற்குப் பிறகுதான் வருகிறது. அத்தெருக்களின் சந்திப்புகளில் பொதுவாக விளக்கும் இராது, பலகையும் இராது, போலீஸ்காரரும் இரார். அங்கெல்லாம் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கே முன்னுரிமை என்ற ஒரே சூத்திரம் ஆட்சி செய்கிறது. நீங்கள் போவது அகலமான தெருவாகவும், வலப்பக்கம் வந்து சேர்வது இரண்டு வரிசைக் கார்களுக்கு நடுவே ஒரு வண்டி மட்டும் நுழையக்கூடிய சந்தாகவும் இருக்கலாம். அந்தச் சந்திலிருந்து வரும் பாட்டியம்மாள் உங்கள் பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல் தன் சிறிய காரை நிதானமாக உங்கள் முன்னே கொண்டுவந்து விடுவாள். அதில் அலட்சியமும் இல்லை, துணிச்சலும் இல்லை. நீங்கள் நிற்பீர்கள் என்பது அவளுக்குச் சூரியன் கிழக்கே உதிப்பதைப் போன்ற நிச்சயம். நம் ஊரில் பெரிய தெருவில் போகிறவனே பெரியவன் என்று பழகிய நமக்கு அந்த இடத்தில் பிரேக் மிதிக்கத் தோன்றாது. முன்னுரிமை உள்ள பெருஞ்சாலையில் செல்கிறோமா என்பதை அறிய ஒரே அடையாளம், வெள்ளை விளிம்பிட்ட மஞ்சள் சாய்சதுரப் பலகை. அது கண்ணில் படாதவரை ஒவ்வொரு சந்திலும் வலப்பக்கம் பார்த்துக்கொண்டே போகவேண்டும்.

அமெரிக்கர் வேறு வழியில் யோசித்தார்கள். எண்கோண வடிவில், சிவப்புப் பின்னணியில் நிற்கச் சொல்லும் பலகையை நாற்சந்தியின் நான்கு வாயிலிலும் நட்டுவிட்டு, எல்லாரும் ஒருமுறை அறவே நில்லுங்கள், முதலில் வந்து நின்றவர் முதலில் போங்கள் என்று விட்டுவிட்டார்கள். டெட்ராய்ட் நகரத்தில் 1915-இல் தோன்றிய அந்தப் பலகை, 1954 வரை பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில்தான் இருந்தது என்பது பலருக்கு வியப்பாயிருக்கும். வெயிலில் வெளுத்துப்போகாத சிவப்புச் சாயம் அதுவரை கைக்கு எட்டவில்லை. இந்த நாற்சந்தியில் ஒரு காலை நேரம் ஓரமாய் நின்று வேடிக்கை பார்த்தால் ஒரு நல்ல காட்சி கிடைக்கும். வண்டி வருகிறது; சக்கரம் முழுவதுமாக நிற்கிறது; ஓட்டுநர் மற்ற மூன்று முகங்களையும் ஒரு பார்வை பார்க்கிறார்; தமக்கு முன் வந்தவர் யார் என்பது மனத்தில் பதிந்திருக்கிறது; அவர் போகிறார், அடுத்தவர் போகிறார், பிறகு இவர். யாருக்காவது ஐயம் வந்தால் ஸ்டீயரிங்கின்மேல் இருந்து நான்கு விரல் எழுந்து, நீங்கள் போங்கள் என்கிறது. கோவில் வரிசையில்கூட நாம் இவ்வளவு நேர்மையாய் நின்றதில்லையே என்று எனக்குத் தோன்றியது உண்டு.

ஆக, ஒரு தேசம் முன்னுரிமையை இடத்தைக் கொண்டு தீர்மானிக்கிறது. மற்றது காலத்தைக் கொண்டு தீர்மானிக்கிறது. இதில் என்னைக் கவர்ந்த அம்சம், இரண்டு விதிகளும் தத்தம் எல்லையை எட்டித் திணறும்போது என்ன செய்கின்றன என்பதுதான். ஜெர்மனியில் நான்கு பக்கத்திலிருந்தும் நான்கு கார்கள் ஒரே சமயத்தில் வந்துவிட்டால், ஒவ்வொருவருக்கும் வலப்பக்கத்தில் ஒருவர் இருப்பதால் ஒருவருமே போக முடியாது; அப்போது, தம் உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒருவர் கையசைத்து மற்றவரோடு உடன்பட வேண்டும் என்று அந்த நாட்டுச் சட்டமே வழி காட்டுகிறது. அமெரிக்காவில் இரண்டு வண்டிகள் ஒரே நொடியில் வந்து நின்றுவிட்டால், வலப்பக்கத்தில் இருப்பவர் முதலில் போகட்டும் என்கிறார்கள். அதாவது, ஒருவருடைய அன்றாட வழக்கம் மற்றவருடைய ஆபத்தர்மமாக இருக்கிறது. ஜெர்மானியர் முதலில் விதியை நம்புகிறார், விதி கைவிட்டால் மனித முகத்தைப் பார்க்கிறார். அமெரிக்கர் முகத்தைப் பார்த்து ஆரம்பிக்கிறார், அது போதாதபோது விதியிடம் போகிறார்.

நமக்கும் இப்படி ஒரு விதி இல்லாமல் இல்லை. 1989-ஆம் வருஷத்துச் சாலை விதிகளில், விளக்கோ போலீஸ்காரரோ இல்லாத சந்திப்பில், பிரதான சாலையில் செல்வோருக்கும், மற்ற இடங்களில் வலப்பக்கத்திலிருந்து வருவோருக்கும் வழிவிடவேண்டும் என்று தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. லைசென்ஸ் எடுக்கும்போது 8 போட்டுக் காட்டிய எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டிருப்பார்கள் என்று வாசகர்களே தம் வீட்டில் விசாரித்துப் பார்க்கலாம்.

சிவப்பு விளக்கு எந்தத் தேசத்திலும் சிவப்பு விளக்குதானே, அதில் என்ன பேதம் என்று கேட்கத் தோன்றும். பேதம் இருக்கிறது, அதற்குப் பின்னால் ஒரு சரித்திரமும் இருக்கிறது. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெய் அனுப்புவதை நிறுத்தியபோது இரண்டு தேசங்களும் ஒரே மாதிரி கலங்கிப்போயின. மேற்கு ஜெர்மனி அந்த நவம்பரில் நெடுஞ்சாலைகளில் மணிக்கு 100 கிலோமீட்டர் என்ற உச்ச வரம்பை விதித்தது, சில ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவதையே தடை செய்தது. ஆயினும் அடுத்த மார்ச்சில் வரம்பை நீக்கிவிட்டு, அதற்குப் பதிலாக 130 கிலோமீட்டர் என்ற வேகத்தை ஒரு பரிந்துரையாக மட்டும் அறிவித்தது. அமெரிக்காவோ 1974 ஜனவரியில் ஜனாதிபதி நிக்ஸன் கையெழுத்திட்ட சட்டத்தின்மூலம் தேசம் முழுமைக்கும் மணிக்கு 55 மைல் என்று கட்டிப்போட்டு, இடையில் கிராமப்புறச் சாலைகளுக்குச் சிறிது தளர்த்தியதைத் தவிர, 1995 வரை அந்தக் கட்டை முழுவதுமாக அவிழ்க்கவில்லை. அதே எண்ணெய்ச் சிக்கனத்தை உத்தேசித்து, சிவப்பு விளக்கில் வெறுமனே நின்று பெட்ரோலை எரிப்பானேன் என்று, அறவே நின்று பார்த்துவிட்டு வலப்பக்கம் திரும்பிக்கொள்ளலாம் என்ற வழக்கத்தை மாநிலங்கள் ஏற்கும்படி 1975-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றினால் தூண்டினார்கள். மேற்கு மாநிலங்களில் அதற்கு முன்பே இருந்த பழக்கம் இவ்வாறு கிழக்குக் கடற்கரை வரை பரவியது. ஒரே பஞ்சத்தில் அடிபட்ட இரண்டு குடும்பங்களில் ஒன்று சில மாதத்தில் பழைய வாழ்க்கைக்குத் திரும்பிவிட, மற்றது பேரன் காலம் வரை சிக்கனத்தைக் கடைப்பிடித்த கதைதான் இது.

இதன் பயனாக இன்று அமெரிக்காவில், தடை செய்யும் பலகை இல்லாதவரை, சிவப்பில் நின்று பார்த்து வலப்புறம் திரும்பலாம். திரும்பாமல் நின்றுகொண்டிருந்தால் பின்னால் இருப்பவர் பொறுமையாக ஒரு சிறு ஹாரன் கொடுப்பார். நியூயார்க் நகரத்துக்குள் மட்டும் இது தலைகீழ். அனுமதிக்கும் பலகை இருந்தால்தான் திரும்பலாம். ஜெர்மனியில் சிவப்பு என்றால் சிவப்பு. விதிவிலக்காக, விளக்குக்குப் பக்கத்தில் கறுப்புத் தகட்டில் வரைந்த பச்சை அம்புக்குறி ஒன்று அறையப்பட்டிருந்தால், முற்றிலும் நின்றபின் வலப்புறம் திரும்பலாம். கிழக்கு ஜெர்மனியில் 1978-இல் கொண்டுவரப்பட்ட இந்தத் தகடு, தேசம் ஒன்றான பிறகு 1994-இல் நாடு முழுவதற்கும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. மறைந்துபோன ஒரு ராஜ்யம் தன் வாரிசுக்கு விட்டுச்சென்ற சில்லறைச் சொத்துகளில் இதுவும் ஒன்று.

இன்னொரு விஷயமும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் சிக்னல் விளக்கு சந்திப்பின் அக்கரையில், தலைக்கு மேலே தொங்கும். கொஞ்சம் முன்னால் போய் நின்றாலும் அது கண்ணுக்குத் தெரியும். ஜெர்மனியில் அது பெரும்பாலும் இக்கரையிலேயே, வெள்ளைக் கோட்டுக்கு அருகில் நிற்கும். நம் வழக்கப்படி கோட்டைத் தாண்டி மூக்கை நீட்டி நின்றவருக்கு விளக்கு முதுகுக்குப் பின்னால் போய்விடும்; பச்சை விழுந்ததைப் பின்னால் இருப்பவர் சொல்லித்தான் அறியவேண்டும்.

நெடுஞ்சாலைக்கு வருவோம். ஜெர்மானிய நெடுஞ்சாலையான ஆட்டோபான் என்றதும் இஷ்டப்படி பறக்கலாம் என்று மட்டும் நம்மவர்க்கு ஞாபகம் வருகிறது. அந்தச் சுதந்திரம் பல பகுதிகளில் வரம்புப் பலகைகளால் வெட்டுப்பட்டுக் கிடக்கிறது. வரம்பில்லாத இடத்திலும், பரிந்துரை செய்த 130-ஐத் தாண்டி ஓட்டியவர் விபத்தில் சிக்கினால், குற்றம் எதிராளியுடையதாக இருந்தாலும் நஷ்ட ஈட்டில் ஒரு பங்கு இவர் தலையில் விழக்கூடும். இந்த வேகத்தைச் சாத்தியமாக்குவது, வேகத்தைக் காட்டிலும் கண்டிப்பான வேறொரு நியமம்: வலது லேனில்தான் செல்லவேண்டும், முந்துவதற்கு மட்டுமே இடது லேனுக்கு வரவேண்டும், முந்தியவுடன் திரும்பிவிட வேண்டும், நெரிசலில் ஊரும் சமயம் போன்ற சில சந்தர்ப்பங்கள் தவிர வலப்பக்கமாக ஒருவரையும் முந்தவே கூடாது. பின்கண்ணாடியில் புள்ளியாகத் தெரிந்த கார், நீங்கள் ஒரு லாரியைத் தாண்டி முடிப்பதற்குள் உங்கள் பின்னால் வந்து நின்று ஹெட்லைட்டைச் சிமிட்டும். ஊருக்கு வெளியே முந்தப் போவதை ஒலியாலோ ஒளியாலோ தெரிவிக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. ஆகவே அதை வசவாக எடுத்துக்கொள்ளாமல் ஒதுங்கிவிடுவதே விவேகம். அமெரிக்க நெடுஞ்சாலையில் இந்தக் கட்டுப்பாட்டைக் காண்பது அரிது. அங்கே நான்கைந்து லேன்களிலும் வண்டிகள் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஒரு நதியாக ஓடுகின்றன. இடப்பக்கமும் முந்துவார்கள், வலப்பக்கமும் முந்துவார்கள். ஆகையால் லேன் மாறும்போது இரண்டு தோள்பட்டைக்கு மேலும் திரும்பிப் பார்க்காதவர் பிழைப்பது தெய்வாதீனம்.

ஆட்டோபானில் நெரிசல் ஏற்பட்டு வண்டிகள் நடை வேகத்துக்கு வந்துவிட்டால் நிகழ்வது, நம் நாட்டவர் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது பார்க்கவேண்டிய காட்சி. ஆம்புலன்ஸின் ஒலி காதில் விழுவதற்கு முன்பே, இடக்கோடி லேனில் உள்ளவர்கள் இடப்பக்கம் ஒதுங்க, மற்ற லேன்களில் உள்ளவர்கள் எல்லாரும் வலப்பக்கம் ஒதுங்க, நடுவே ஒரு நீண்ட வெற்றுச் சந்து தானாகத் திறந்துகொள்கிறது. இதைச் செய்யத் தவறினால் குறைந்தபட்சம் 200 யூரோ அபராதம் என்பதும் உண்மைதான். ஆனால் அபராதப் பயத்தினால் மட்டும் ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் ஒரே விதமாக அசைய மாட்டார்கள். டிரைவிங் ஸ்கூலில் கற்றது கைக்குள் இறங்கியிருக்கிறது. அமெரிக்காவிலோ, அவசர வண்டி வரும்போது ஓரம் கட்டி நிற்பது வழக்கம். சாலையோரத்தில் விளக்குச் சுழல நிற்கும் போலீஸ் வண்டியையோ ஆம்புலன்ஸையோ கடக்கும்போது ஒரு லேன் தள்ளிப் போகவேண்டும், முடியாவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்ற சட்டம் ஐம்பது மாநிலங்களிலும் இருக்கிறது.

குழந்தைகள் விஷயத்தில் அமெரிக்கர் கடுமையானவர்கள். 1939-இல் கொலம்பியா சர்வகலாசாலையில் கூடிய ஒரு மகாநாட்டில் ஃபிராங்க் சைர் என்ற ஆசிரியரின் முயற்சியால் தீர்மானிக்கப்பட்ட அந்தப் பிரத்தியேக மஞ்சள் நிறப் பள்ளி பஸ், சிவப்பு விளக்குகளைச் சிமிட்டி, பக்கவாட்டில் நிற்கச் சொல்லும் பலகையை நீட்டிவிட்டால், பின்னால் வருபவர் மட்டுமன்றி எதிரே வருபவரும் நின்றாக வேண்டும். நடுவில் தடுப்பு உள்ள சாலையில்தான் எதிர்த்திசைக்குப் பொதுவாக விலக்கு. ஜெர்மனியில், நிறுத்தத்தில் நான்கு பக்க விளக்கையும் சிமிட்டி நிற்கும் பஸ்ஸை இரு திசையினரும் மனிதன் நடக்கும் வேகத்தில் கடந்து போகலாம். இதில் எனக்கு அமெரிக்க முறைதான் மேலானதாகப் படுகிறது. குழந்தை ஓடிவரும் இடத்தில் நிற்கச் சொல்வதே சரி.

போலீஸ்காரர் நிறுத்தும் விதத்தில் உள்ள வேறுபாட்டை அறியாமல் போனால் வரும் ஆபத்து விபத்தைவிடச் சிறியதன்று. நம் ஊரில் போலீஸ்காரர் கை காட்டினால், வண்டியை ஓரம் நிறுத்தி, இறங்கி, காகிதங்களை எடுத்துக்கொண்டு அவர் நிற்கும் இடத்துக்கு நாம் போவதுதான் மரியாதை. அமெரிக்காவில் போலீஸ் கார் பின்னால் வந்து விளக்கைச் சுழற்றும்; ஓரம் கட்டி, என்ஜினை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கின்மேல் தெரியும்படி வைத்துக்கொண்டு இருக்கையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். மரியாதை நிமித்தம் இறங்கி நடப்பவரை, தாக்க வருகிறவர் என்று அந்த அதிகாரி கருதிக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது, ஏனெனில் துப்பாக்கி வீட்டுச் சாமானாக உள்ள தேசம் அது. ஜெர்மனியில் பெரும்பாலும் போலீஸ் கார் உங்களைத் தாண்டி முன்னால் வந்து, தன் கூரையில் “பின்தொடர்ந்து வாருங்கள்” என்ற பொருள்பட எழுத்துகளை ஒளிரச் செய்யும். அதைப் படிக்கத் தெரியாதவர், போலீஸ் நமக்கு முன்னால் அல்லவா போகிறது, யாரையோ துரத்துகிறது போலும் என்று நிம்மதியாகத் தம் வழியே போய்விடுவார்.

வண்டியை நிறுத்தும் சாஸ்திரம் தனிப் புராணம். கலிபோர்னியாவில் நடைபாதை விளிம்பின் நிறத்தையும் தீயணைப்புக் குழாயின் தூரத்தையும், ஜெர்மனியில் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கும் நீல நிறக் காகிதக் கடிகாரத்தையும் விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

இந்த இரண்டு மரபுகளில் எது உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்வது வீண். ஜெர்மனியில் கார் லைசென்ஸ் வாங்குகிறவர், மற்றப் பாடங்களோடு, ஊருக்கு வெளியே ஐந்து, ஆட்டோபானில் நான்கு, இருட்டில் மூன்று என்று பன்னிரண்டு விசேஷப் பயிற்சி ஓட்டங்களைக் கட்டாயமாக முடித்து, முதலுதவியும் கற்றுக்கொண்டுதான் வெளியே வருகிறார். அப்படிப்பட்டவர்களிடம் பலகையில்லாத சந்திப்பை ஒப்படைக்கலாம். பதினாறு வயதுப் பையனும் பல மாநிலங்களில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும் அமெரிக்காவில், விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் ஒரு கண்டத்தில், எல்லாரையும் நிற்கவைத்து முகம் பார்க்கச் செய்வதே பத்திரம். சமுதாயம் தன் மனிதர்களை எவ்வளவு தூரம் பழக்கியிருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் விதியைச் சுருக்கி எழுத முடியும்.

நம் அரசாங்கத்திடம் நான் கேட்பது அதிகமில்லை. அனுமதிப் புத்தகத்துக்குப் பரீட்சை வையுங்கள் என்று சொன்னால், புதிய தரகர் கூட்டம் ஒன்று முளைப்பதைத் தவிர வேறு பயன் விளையாது. ஒரு நாட்டுக்கு ஒரு தாள், தமிழில் அச்சிட்டது, போதும்: சந்திப்பில் யாருக்கு முன்னுரிமை, சிவப்பில் திரும்பலாமா, எந்த லேனில் போகவேண்டும், பஸ் நின்றால் என்ன செய்வது, போலீஸ் நிறுத்தினால் எப்படி நடந்துகொள்வது. உலகத்தில் எத்தனையோ தேசங்கள் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் தாள் அடிக்க முடியுமா என்று அலுவலகத்தில் கேட்கலாம். எல்லாத் தேசத்துக்கும் வேண்டியதில்லை. எங்கே போகிறோம், எத்தனை நாள் தங்குகிறோம் என்பதைப் படிவம் 4ஏ-யில் நாமே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கிறோம். கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு, போகும் தேசத்தின் பெயரையும் கேட்டுக்கொண்ட பிறகு, அந்தத் தேசத்துத் தாளை எடுத்து அதே புத்தகத்தோடு ஒரு பின் அடித்துத் தருவது எந்த குமாஸ்தாவுக்கும் பெரிய வேலையாக இருக்க முடியாது.